ஆமை ஓட்டுக்குள் நூற்றெண்பது குடும்பங்கள்

ஒரு காட்டில் நகராட்சி ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்கு நகராட்சி என்று கேட்கக் கூடாது. யானைகள் போய்வரும் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று யாராவது முடிவெடுக்க வேண்டாமா? எடுத்தார்கள். பாதையோரத்து மருத மரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் சாய்ந்தன. அவற்றின் பொந்துகளிலும் வேரடி வளைகளிலும் குடியிருந்த நூற்றெண்பது குடும்பங்கள், முயலும் அணிலும் கீரியும் மரநாயுமாக, மூட்டை முடிச்சோடு வந்து நகராட்சி அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டன.

அங்கே வீட்டு வசதிப் பிரிவு எழுத்தராக இருந்தவர் ஆமை கச்சபேஸ்வரன். பிறந்த நாள் முதல் சொந்த வீட்டோடு நடமாடுகிறவர், வீடு என்றால் என்ன என்று இவருக்குத்தான் தெரியும் என்று அந்தப் பிரிவில் போட்டிருந்தார்கள். அதிர்ந்து பேச மாட்டார். யாராவது சத்தம் போட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். "சார் கேம்ப் போயிருக்கார்" என்று பக்கத்து மேஜைக்காரர்கள் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் எண்பத்தோரு வருஷம் இருந்தது. அதுவரை ஒரு மெமோகூட வாங்காமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

தினமும் காலையில் அவருடைய ஜன்னலுக்கு முதலில் வந்து நிற்பவள் பூங்காவனம் என்ற முயல்.

"சார், மேகம் கறுத்துக்கிட்டு வருது. எனக்கு இந்த மாசம் பிரசவம். நாலோ அஞ்சோ, எத்தனைன்னு எனக்கே தெரியலை. குட்டிங்களை எங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது?"

"தலைமைக் காட்டுல 'எல்லார்க்கும் பொந்து'ன்னு ஒரு மானியத் திட்டம் இருக்கும்மா. மானியம் வந்தா குறைஞ்ச வாடகையில ஆளுக்கொரு வளை கட்டித் தந்துடலாம். எழுதிக்கிட்டே இருக்கேன்."

பொய்யில்லை. நூற்றெண்பது படிவங்களை அவர் கைப்பட எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆமை எழுதினால் எவ்வளவு வேகத்தில் எழுதும் என்று உங்களுக்கே தெரியும்.

எழுதியதை நேரில் கொடுக்க முடியாது. வலைத்தளத்தில்தான் ஏற்ற வேண்டும். வலைத்தளம் என்றால் நிஜமாகவே வலைதான். எல்லைப் பாறைகளுக்கு நடுவே தலைமைக் காட்டின் சிலந்தி ஒன்று கட்டி வைத்திருந்தது. படிவ இலையை வலையில் ஒட்டினால், எல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில் சிலந்தி உள்ளே இழுத்துக்கொள்ளும். தப்பு இருந்தால் உதறிவிடும். காற்றடித்தால் மூன்று நாளைக்கு வேலை செய்யாது.

கச்சபேஸ்வரன் ஒட்டினார். சிலந்தி உதறியது.

"என்னம்மா தப்பு?"

"பதினேழாவது கட்டம் காலியா இருக்கு சார். பயனாளியோட தற்போதைய வீட்டு முகவரி."

"வீடு இல்லாதவங்களுக்குத்தானேம்மா இந்தத் திட்டமே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டம் காலியா இருந்தா வலை பிடிக்காது."

அவர் 'மருத மரத்தடி' என்று எழுதி ஒட்டினார். "அந்த மரத்தைத்தான் வெட்டியாச்சே" என்று உதறியது. 'நகராட்சி அலுவலக வாசல்' என்று எழுதினார். "வாசல் எப்படி சார் வீடாகும்?" என்று கேட்டு அதையும் உதறியது.

மறுநாளோடு விண்ணப்பக் கெடு முடிகிறது. கச்சபேஸ்வரன் இலைக்கட்டை முதுகில் சுமந்தபடி திரும்பினார். அவர் அலுவலகம் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் பூங்காவனம் ஒரு தேக்கிலையைத் தலைக்குப் பிடித்து நின்றாள். வயிறு நனைந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. தினமும் கேட்கிறவள் அன்றைக்குக் கேட்காததுதான் அவரை என்னவோ செய்தது.

ஒரு சொட்டு மழைகூட ஓட்டைத் தாண்டி அவர்மேல் படவில்லை. படவே படாது, அது அவருடைய உடம்பு வாகு. அன்றைக்கு அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மேஜைக்குப் போனார். நூற்றெண்பது இலைகளிலும் பதினேழாவது கட்டத்தில் ஒரே முகவரியை எழுதினார்: 'மேற்பார்வை கச்சபேஸ்வரன், ஆமை ஓடு, உட்புறம்.'

மறுநாள் சிலந்தி ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து ஆய்வு அதிகாரி வந்து இறங்கினார். கொக்கு. வந்ததும் ஒற்றைக் காலில் நின்று கோப்பைப் பிரித்தது. நகராட்சித் தலைவர் பெருச்சாளி ஏகாம்பரம் மாலையோடு ஓடி வந்தவர், கொக்கின் முகத்தைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டுவிட்டுத் தன் வளைக்குள் போய்விட்டார்.

"ஒரே முகவரியில நூற்றெண்பது குடும்பம் இருக்கறதா போட்டிருக்கு. அந்த வீடு எங்கே?"

"நான்தான் ஐயா" என்றார் கச்சபேஸ்வரன்.

கொக்கு அவரைச் சுற்றி வந்து ஓட்டை அலகால் தட்டிப் பார்த்தது. "உள்ளே யாரையும் காணோமே?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பூங்காவனம் முன்னால் வந்துவிட்டாள். விண்ணப்பம் பொய் என்று தெரிந்தால் எல்லாம் போச்சு என்ற பயம் அவளுக்கு.

"வேலைக்குப் போயிருக்காங்க சார். சாயங்காலம் வந்துடுவாங்க."

"நெரிசலா இல்லையா?"

"அனுசரிச்சுப் போறோம் சார்."

"காற்றோட்டம்?"

"தலைக்கு ஒண்ணு, வாலுக்கு ஒண்ணு, காலுக்கு நாலுன்னு ஆறு வழி இருக்கே!"

"மழைக்கு ஒழுகுமா?"

பேச்சு வேகத்தில் பூங்காவனம் சொல்லிவிட்டாள்: "ஒரு சொட்டு ஒழுகாது சார்!"

கொக்கு இரண்டாவது காலையும் தரையில் ஊன்றி அதை எழுதிக்கொண்டது.

கச்சபேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அத்தனையும் பொய். உள்ளே நான் ஒருத்தன் புரண்டு படுக்கவே இடம் கிடையாது. இவங்க எல்லாரும் வாசல்லதான் நனையறாங்க. எழுதினவன் நான். தண்டனை எனக்குக் கொடுங்க, வீட்டை இவங்களுக்குக் கொடுங்க."

கொக்கு அவரை நெகிழ்ச்சியோடு பார்த்தது. "இவ்வளவு செஞ்சுட்டு இப்படிப் பேசறீங்களே! உங்க அடக்கத்தையும் குறிச்சுக்கறேன்."

நாலாம் நாள் உத்தரவு வந்தது. இந்நகரில் வீட்டுத் தட்டுப்பாடு எதுவும் இல்லை எனத் தெரியவருவதால் மானியம் மறுக்கப்படுகிறது. ஒழுகாத ஒரே ஓட்டுக்குள் நூற்றெண்பது குடும்பங்களைக் குடியமர்த்திய சாதனைக்காக முன்மாதிரி நகராட்சி விருது வழங்கப்படுகிறது. விழாவுக்குத் தலைமைக் காட்டுச் சிங்கமே வருகை தரும்.

ஏகாம்பரம் வளையிலிருந்து வெளியே வந்து ஆடினார். கச்சபேஸ்வரன் பூங்காவனத்திடம் போய் நின்றார்.

"கெடுத்துட்டேன்மா. நல்லது செய்யப் போய்க் கெடுத்துட்டேன்."

"நானும் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லையே சார்." காதைத் தொங்கப் போட்டவள் திடீரென்று நிமிர்ந்தாள். "விழா எங்க நடக்குது?"

"நம்ம மைதானத்துலதான்."

"பந்தல் போடுவாங்களா?"

"சிங்கம் வருதே, போடாம? மூங்கில் கால், மூணு அடுக்கு ஓலைக் கூரை, மேடான தரை, சுத்திலும் தட்டி மறைப்பு. தண்ணிக்குத் தனி வாய்க்கால்."

"அதுக்குப் படிவம் எத்தனை?"

"பந்தலுக்குப் படிவமே கிடையாதும்மா. தலைவர் வாயால சொன்னா போதும்."

பூங்காவனம் எழுந்து மற்றக் குடும்பங்களிடம் போனாள்.

விழா அமோகமாக நடந்தது. மனநிறைவு பெற்ற பயனாளிகள் என்று நூற்றெண்பது குடும்பங்களையும் மூட்டை முடிச்சோடு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சிங்கம் இரண்டு மணி நேரம் கர்ஜித்தது. நடுவிலேயே மேடைக்குப் பின்னால் பூங்காவனத்துக்குப் பிரசவமாகிவிட்டது. ஆறு குட்டிகள். கேடயத்தைக் கொடுத்துவிட்டுச் சிங்கம் போனது, கொக்கு போனது, மேளக்காரர்கள் போனார்கள். முன்வரிசை மட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏகாம்பரம் கேடயத்தோடு வந்தார். "விழா முடிஞ்சுது. பந்தலைப் பிரிக்கணும், எல்லாரும் எழுந்திருங்க!"

"யாரை எழுந்திருக்கச் சொல்றீங்க?" என்றார் கச்சபேஸ்வரன். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"இதோ, இவங்களைத்தான்."

"இவங்க எல்லாரும் என் ஓட்டுக்குள்ள குடியிருக்காங்க சார். சிங்கமே மேடையில சொல்லிட்டுப் போயிருக்கு. இங்க இருக்கறதா நீங்க சொன்னா, இவங்களுக்கு வீடு இல்லைன்னு ஆயிடும். அப்புறம் உங்க கையில இருக்கறதைத் திருப்பி அனுப்பணும். கடிதம் தயார் பண்ணட்டுமா?"

ஏகாம்பரம் பந்தலைப் பார்த்தார். ஆறு குட்டிகளும் விழாக் கம்பளத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. கையிலிருந்த கேடயத்தைப் பார்த்தார். அதைத் துண்டால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இங்க யாரும் இல்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நீதி: வீடு வேண்டும் என்பவருக்குப் படிவம் கிடைக்கும், வீடு இருக்கிறது என்பவருக்கே பந்தல் கிடைக்கும். ஆகையால் நனைந்துகொண்டிருக்கும்போது யார் கேட்டாலும் சௌக்கியம் என்று சொல்லுங்கள். மூட்டையை மட்டும் கட்டியே வைத்திருங்கள்.