பசை காய வைத்த சாமி

நான் ஒரு சாமியை உண்டாக்கியிருக்கிறேன். வேண்டுமென்று செய்ததில்லை. பசை காயட்டும் என்று ஒரு மரத்தடியில் வைத்தேன், அவ்வளவுதான். (நம்பாதவர்கள் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். வெற்றிலை பாக்கோடு வரவும்.)

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எழுதும் சாதாரண தரப் பரீட்சையும் பாஸ். அந்தப் பெருமையில் தலை எப்போதும் அண்ணாந்தே இருந்ததால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசற்படியில் தினமும் இடறிக்கொண்டிருந்தேன். தோட்டப் பாடசாலையில் நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. கலைவிழாவுக்கு நுவரெலியாவிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார், அவர் சிபாரிசு எழுதினால்தான் எனக்கு நியமனம் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

விடுவேனா? நாடகம் எழுதினேன். பனிநாடு என்று ஒரு ராஜ்யம். அதன் சுரங்கத்தில் 'அக்கினி நீலம்' என்று ஒரு பயங்கரமான கனிமம். பொய் சொல்லிக்கொண்டு அதைத் தொட்டவர் நின்ற இடத்திலேயே கல்லாகிப் போவார். கடைசிக் காட்சியில், ராஜாவின் கிரீடத்தைத் திருடிய கெட்ட மந்திரி பொய் சொல்லி அதைத் தொட்டுக் கல்லாகிறான்.

கனிமத்துக்காக ஆற்றிலிருந்து ஒரு கல்லைப் புரட்டி வந்தோம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசினேன். அப்படியொரு மினுமினுப்பு! காகிதத்தில் செய்திருந்தால் ஒரு குழந்தையே தூக்கியிருக்கும். எனக்குத்தான் தத்ரூபம் வேண்டுமே.

பாடசாலைக் கூரை ஒழுகி உள்ளே ஒரே ஈரம். ஆகவே விழாவுக்கு முதல் நாள், பாடசாலைக்கு மேலேயிருந்த ஏழாம் நம்பர் தேயிலை மலையின் மூலையில், ஒரு மரத்தடியில் கல்லைக் காய வைத்தேன். அங்கே கொழுந்தெடுப்பதை நிறுத்திப் பல நாளாயிற்று. ஆள் வராது என்று நினைத்தேன். ஏன் நிறுத்தினார்கள்? செடி மறுபடி தளிர்க்க, கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டத்தான். லயத்தில் தவழுகிற குழந்தைக்கும் அது தெரியும். அன்று மாலை அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மந்திரியின் வசனத்தைத் திருத்திக்கொண்டிருந்த நான், "சத்தம் போடாதீங்கப்பா, தலை வலிக்குது" என்றேன்.

கவ்வாத்து தொடங்கும் காலையில், மலை மூலையில் ஒரு கல்லை நட்டு, கவ்வாத்துச் சாமி என்று கும்பிட்டுக் கோழி அறுத்த பிறகுதான் கத்தி செடியில் படும். அதுதான் வழக்கம்.

மறுநாள் காலை என் மாணவி செல்வியோடு (அவள்தான் கெட்ட மந்திரி) கல்லை எடுக்க மேலே ஏறினேன். அக்கினி நீலம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. முன்னால் கோழி இறகு. நாற்பது ஆண்கள் கைகூப்பி நின்றார்கள். முன்வரிசையில் அவர்களை மேற்பார்க்கும் கங்காணி, பக்கத்தில் அப்பா.

"கங்காணி, அது என் கல்லுங்க. நான் செஞ்சது!"

"கல்ல யாராச்சும் செய்வாங்களா டீச்சரம்மா?" என்றார் கங்காணி. "நாங்க கல்லு தேடித்தான் வந்தோம். இது எங்களுக்கு முன்னாடியே வந்து பளபளன்னு ஒக்காந்திருக்கு."

"வெள்ளித்தாள் ஒட்டியிருக்கு பாருங்க!"

"சாமிக்குக் கவசம்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

பயமுறுத்திப் பார்க்கலாம் என்று புத்தி போயிற்று. "இது ஆபத்தான கல்லு! பொய் சொல்லிட்டுத் தொட்டா ஆளே கல்லாயிருவாங்க!"

"ஆமாங்க, நெசந்தான்" என்று செல்வியும் தலையாட்டினாள்.

கங்காணி மெதுவாகத் திரும்பினார். "டேய் மாரிமுத்து, மழைக்குப் புடிக்கிற என் கொடைய எடுக்கலன்னியே. வந்து தொட்டுச் சொல்லு பாப்போம்."

மாரிமுத்து இரண்டடி பின்னால் போனார். "அந்திக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன் கங்காணி."

அதற்குப் பிறகு அந்தக் கல்லை யார் தரப்போகிறார்கள்? கல் நாடகத்துக்கு வராததால், நாடகம் கல்லுக்குப் போயிற்று.

மத்தியானம் கல்வி அதிகாரி, மடிப்புக் கலையாத கால்சட்டையோடு, காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டபடியே ஏழாம் நம்பர் மலை ஏறினார். கவ்வாத்துக்காரர்களும் கத்தியோடு வந்து சுற்றி நின்றார்கள். கடைசிக் காட்சி. செல்வி, "நான் குற்றமற்றவன்!" என்று முழங்கிவிட்டுக் கல்லைத் தொட வேண்டும். கையை நீட்டினாள். இழுத்துக்கொண்டாள். "நான் குற்ற..." என்றாள். ஒட்டுமீசை நடுங்கியது. திடீரென்று கல்லின் முன் தடாலென்று விழுந்தாள்.

"நாந்தாங்க திருடுனேன்! ராசாவோட கிரீடத்த மட்டுமில்ல, டீச்சர் பலகையில எழுதுற வெண்கட்டியையும் நாந்தான் எடுத்தேன்!"

அன்றைய நாடகத்தில் கல்லாகிப் போனது நான் ஒருத்திதான்.

அதிகாரி எழுந்தார். "மிகவும் அருமையான நாடகம்..." என்று ஆரம்பித்தார். அப்பா கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிகப் பணிவாக முன்னால் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. அந்தக் கல்லத் தொட்டுட்டுச் சொல்லுங்க."

என் நியமனம் மலையிலிருந்து உருண்டு ஆற்றில் விழும் சத்தம் எனக்கே கேட்டது. அதிகாரி நாற்பது பேரையும் பார்த்தார். நாற்பது கத்திகளையும் பார்த்தார். குனிந்து கல்லில் கை வைத்தார்.

"நாடகம்... சுமார்தாங்க" என்றார். "வசனம் ரொம்ப நீளம். ஆனா ஒரு டீச்சருக்காக இத்தன பேரு மலையில நின்னு நான் பாத்ததில்ல. நல்லபடியா எழுதுறேன்." பிறகு விரலில் ஒட்டிய நீலத்தைக் கைக்குட்டையில் துடைத்தார்.

எழுதினார். அடுத்த வருடம் நியமனம் வந்தது.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, வந்த மாப்பிள்ளைகளைத் தேநீர் குடிக்கக்கூட விடாமல் அப்பா ஏழாம் நம்பர் மலைக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் கல்லில் கை வைத்து, "எனக்குக் கொறட்ட உண்டுங்க மாமா" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். (சொன்னது உண்மை. பக்கத்து வீட்டாரும் சாட்சி.)

இன்றைக்கும் என் சமையல் எப்படி என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார்.

"கல்லு மலையிலதானே இருக்கு?" என்பார்.

"ஆமா."

"அப்ப பிரமாதம்!"