லேசரும் காவல்சாமியின் மூக்கும்

ஒரு பொருள் உடைந்தால் கைதட்டிச் சந்தோஷப்படுகிற மனிதர் மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் 'லேசர்'.

தொண்ணூறுகளின் கடைசியில் புக்கிட் ரம்பாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். ஷாம்பு போத்தலுக்கு அச்சு செய்ய முதலாளி ஒரு ஸ்கேனர் வாங்கிப் போட்டார். சிவப்பு லேசர் ஒளிக்கோடு ஒன்று பொருளின் மேல் ஊர்ந்து போகும். மேடு பள்ளமெல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே உருவமாக எழும். அதை இயக்க வந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

வேலை முடிந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கேன் செய்வார். டுரியான் பழத்தை வைத்தார். முள்ளை எண்ணி எண்ணியே கம்ப்யூட்டர் மயங்கி விழுந்தது. கேன்டீன் அக்கா கப்பைப் போட்டு உடைத்தபோது, துண்டுகளைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து, உடைந்த ஓரங்களைத் திரையில் பொருத்திக் காட்டினார்.

"பாருங்கக்கா, கீறலே இல்ல!"

"அதுல தே தாரிக் ஊத்த முடியுமா லா?"

அந்தச் சமயத்தில்தான் ஜாசின் பக்கம் நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் மரம் சாய்ந்து, எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்த காலத்து மண் காவல்சாமி துண்டு துண்டானார். பின்னமான சாமியை வைத்துக் கும்பிடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒருத்தரிடமும் ஒரு போட்டோகூட இல்லை. ஆற்றோடு போனால் அந்த முகம் போயே போச்சு. "எங்க கம்பெனில ஒருத்தர் இருக்காரு" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, சாமியைச் சாக்கில் கட்டிக் காரில் ஏற்றினேன். துணைக்கு எஸ்டேட் பெருமாள் மாமா. ஒவ்வொரு பள்ளத்திலும் நான், "மன்னிச்சிரு சாமி!" என்று கத்தினேன்.

"சாமி சும்மாதான்டா இருக்கு. நீ ரோட்டப் பாரு" என்றார் மாமா.

லேசர் ஒவ்வொரு துண்டாகச் சுழற்றினார். திரையில் மீசை வந்தது, பல் வந்தது, முறைக்கும் கண் வந்தது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு சூடத்துக்குப் பையைத் துழாவினார். அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டு, மீன்கள் நீந்த ஆரம்பித்தன.

"ஐயோ! சாமி இப்பவே ஆத்துக்குப் போயிருச்சு!" என்று அலறி மேசைக்கடியில் புகுந்தேன்.

"வெளிய வாங்க பாஸ். கம்ப்யூட்டரத் தொடாம விட்டா மீன் காட்டும், அவ்ளோதான்."

மவுஸை அசைத்தார். சாமி திரும்பி வந்து என்னை முறைத்தார். முகத்தில் எல்லாம் இருந்தது, மூக்கைத் தவிர. அது மட்டும் நொறுங்கி மாவாகிவிட்டிருந்தது.

"மூக்கு எப்படி இருக்கும் மாமா?" என்று கேட்டார் லேசர்.

மாமா கையால் அளந்தார், யோசித்தார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தா, இவன் மூக்குதான். இதே சப்பை, இதே அகலம்."

"பாஸ், உக்காருங்க."

"கண்ணு போயிருமா? சாமி குத்தம் ஆயிருமா லா?"

"கண்ண மூடுங்க. வாயையும்."

அரைக்கண்ணால் கவனித்தேன். ஒளிக்கோட்டை ஓடவிடும் முன் என் மூக்கை நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து கீழிருந்தும் பார்த்தார். வலது பக்கம் லேசாக ஒரு வளைவு இருக்கிறதாம். எனக்கு அது நன்றாக இருக்கிறதாம்.

மறுநாள் துண்டுகள் ஆற்றோடு போயின. யாரும் அழவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த உருவத்தை லேசர் மெஷினில் மரத்தில் செதுக்கிக் கொடுக்க, அதிலிருந்து அச்செடுத்து மண்ணில் புதுச் சாமி வந்தார். கும்பிட வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள்.

லேசர் வேலை மாறி ஜொகூருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிலிருந்து பாஸ்போர்ட் ஆபீஸ்காரர் வரை என் முகத்தை எத்தனையோ பேர் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அவர் அளவுக்குப் பிரியமாக யாரும் பார்த்ததில்லை.