அப்பனைப் போல இல்லாத பிள்ளை

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் ஸ்டோர்விக் என்று ஒரு ஊர். அங்கே குறை சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது. சூறாவளி வந்து மாட்டுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனால், "இன்னிக்குக் கொஞ்சம் காத்துதான்" என்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் நீல்ஸ் டால்பெர்க் ஒரு படி மேல். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில், கிழங்கு சீவும் இயந்திரம் அவனுடைய சுண்டுவிரல் நுனியை எடுத்துக்கொண்ட அன்று, மேலாளர் பதறி ஓடிவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பரவாயில்லை. குறை சொல்ல ஒண்ணுமில்லை" என்றான். வேலை முடிந்து சங்கு ஊதிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

சொல்லிக்கொள்ளாத குறை ஒன்று அவனுக்கு இருந்தது. அவன் மனைவி ப்ரீடா பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்குக் கரு தங்கும். ஊருக்குச் சொல்லலாம் என்று நினைக்கும் நேரத்தில் கலைந்துவிடும். குழந்தைக்கென்று மஞ்சள் அடித்து வைத்த அறையின் கதவை நீல்ஸ் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருவான்.

கரு கலைந்தால் பெண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் தொன்மையான மரபு. அந்த மரபு வழுவாமல் ப்ரீடாவின் ரத்தம், தைராய்டு, கர்ப்பப்பை, மனநிலை, அவள் குடிக்கும் காபி எல்லாவற்றையும் சோதித்தார்கள். கடைசியில் ஃபார்கோ நகரில் டாக்டர் மாய் சியோங் என்ற அம்மாள்தான், வந்ததிலிருந்து மூலையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் என்ன என்று கேட்டாள்.

எடுத்தார்கள். விஷயம் அங்கே இருந்தது. நீல்ஸின் குரோமோசோம்களில் ஒன்றின் நுனி இன்னொன்றிலும், அதன் நுனி இதிலும் இடம் மாறி ஒட்டியிருந்தன.

"உங்க சர்ச்சுல பொம்பளைங்க போடுற சமையல் புத்தகம் ரெண்டு இருக்குன்னு வைங்க" என்றாள் டாக்டர். "பைண்டு பண்றவன் கடைசிப் பக்கங்களை மாத்தித் தச்சுட்டான். ரெண்டும் வீட்டுல இருக்கிற வரைக்கும் எந்தச் சமையலும் கெடாது. அதான் நீங்க நல்லா இருக்கீங்க. ஆனா பிள்ளைக்குக் குடுக்கறப்போ, ஒண்ணு சரியானதும் ஒண்ணு மாறினதுமா போயிடுச்சுன்னா, ஒரு பண்டத்துக்கு முடிவு கூடுதலா இருக்கும், இன்னொண்ணுக்கு முடிவே இருக்காது. அந்தக் கரு நிக்காது."

வழியையும் அவளே சொன்னாள். கருவை வெளியே உருவாக்கி, சோதித்து, கணக்குச் சரியாக இருப்பதை மட்டும் உள்ளே வைக்கலாம். சோதனைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுமதி தர வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்று எதுவும் இல்லை. அந்தப் பெயர் மனதைப் புண்படுத்துகிறது என்று ஆலோசகர்கள் கண்டுபிடித்ததால், அது உறுப்பினர் ஆனந்தப் பிரிவு என்று மாறியிருந்தது. நோய் என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பயணம் என்று அழைத்தார்கள். ஆனந்தப் பிரிவிலிருந்து கென்டல் என்ற இளைஞன் பேசினான்.

"வணக்கம் சார், இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லை தம்பி. குறை சொல்ல ஒண்ணுமில்லை."

அனுமதி மறுக்கப்பட்டது. உரையாடல் பதிவு செய்யப்பட்டிருந்தது. தமக்குக் குறை ஏதுமில்லை என்று உறுப்பினரே தெளிவாகத் தெரிவித்திருக்கிறார். உறுப்பினரின் வாய்மொழியே கம்பெனிக்கு இறுதிச் சான்று.

அன்றிலிருந்து ப்ரீடா அவனுக்குக் குறை சொல்லப் பயிற்சி கொடுத்தாள். காரில் போகும்போது அவள் கென்டலாக நடிப்பாள், அவன் அவனாகவே. "எப்படி இருக்கீங்க சார்?" என்பாள். நீல்ஸ் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, முகமெல்லாம் சிவந்து, "சுமார்தான்" என்பான். ஸ்டோர்விக்கில் சாகக் கிடப்பவர்கள்கூட அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

அவர்கள் செய்த மேல்முறையீட்டைக் கம்பெனியின் சொந்த நிபுணர் ஆராய்ந்தார். அவர் பாத மருத்துவர். உறுப்பினரிடம் எந்தப் பொருளும் குறையவில்லை, கூடவும் இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது, எனவே அவர் முழு ஆரோக்கியமானவர் என்று தீர்ப்பளித்தார். பாதங்களும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகக் குறிப்பிட்டார். முழு ஆரோக்கியத்தைப் பாராட்டிக் கம்பெனி ஒரு தண்ணீர் பாட்டில் அனுப்பிவைத்தது.

ஊருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு ஸ்பகெட்டி விருந்து நடந்தது. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. வாசலில் வைத்த காபி டப்பாவில் பணம் போட்டுவிட்டு, குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பணத்தில் சோதனை நடந்தது.

உருவான கருக்களில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதுவும் அப்பாவைப் போலவே, இரண்டு புத்தகமும் பக்கம் மாறியது. "ஒண்ணும் குறையில்லை, உங்களை மாதிரியே நல்லா இருக்கும்" என்றாள் டாக்டர் சியோங். இனி ப்ரீடாவின் உடம்பு இன்னொரு சுற்று தாங்காது. இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சொன்னாள். கருவை உள்ளே வைக்கும் செலவு பாலிசியிலேயே இருந்தது. கென்டலைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான் பாக்கி.

"அதுல ஒரு சிக்கல் சார்" என்றான் கென்டல். "அந்தக் கரு உங்களை மாதிரி இருக்கு."

"நான் ஆரோக்கியம்னு நீங்கதானே பாட்டில் அனுப்பினீங்க?"

"நீங்க ஆரோக்கியம்தான் சார். அதுல கம்பெனிக்கு மாற்றுக் கருத்தே கிடையாது."

"அப்போ என்னை மாதிரி இருக்கறது?"

"அது நோய். பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருக்கிற நோய்."

ப்ரீடா போனை வாங்கினாள். "தம்பி, இவரு பொறந்ததுலேர்ந்து இவரை மாதிரிதான் இருக்காரு. ஆலையில ஒரு நாள் லீவு போட்டதில்லை."

"அது சாருடைய தனிப்பட்ட பயணம் மேடம்."

ஆனால் கென்டல் கெட்டவன் இல்லை. மேலிடத்தில் பேசிவிட்டு மறுநாள் அவனே வழி சொன்னான். உறுப்பினரின் வாய்மொழியே இறுதிச் சான்று என்ற விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தை தன்னைப் போல எந்த விதத்திலும் இருக்காது என்று நீல்ஸ் போனில் சொல்லிவிட்டால் போதும். டாக்டர் எழுதியதைப் பாத மருத்துவர் எப்படியும் படிக்கப்போவதில்லை. கம்பெனி எப்போது வேண்டுமானாலும் நேரில் சரிபார்க்கும். சாயல் தென்பட்டால் தாயும் சேயும் பாலிசியிலிருந்து நீக்கப்படுவார்கள்.

நீல்ஸ் பொய் சொல்லிப் பழகாதவன். "பிள்ளை என்னை மாதிரி இருக்காது" என்று போனில் சொல்லிவிட்டு, வெளியே போய் யாருமே நடக்காத பாதையில் பனியை வாரிக்கொண்டிருந்தான்.

பெண் குழந்தை பிறந்தது. சிக்னே என்று பெயர் வைத்தார்கள். இரண்டு காதும் கோப்பைக் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருந்தன. டால்பெர்க் குடும்பத்துக் காது. ப்ரீடா பிரசவ அறையிலேயே கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டாள். குழந்தையைப் பார்க்க வருபவர்கள் மூக்கு யாருடையது, தாடை யாருடையது என்று பங்கு பிரிப்பது ஊர் வழக்கம். இம்முறை, கம்பெனியின் நிபந்தனை எப்படியோ காதில் விழுந்திருந்ததால், எல்லோரும் கொண்டுவந்த ஹாட்டிஷ் என்ற சுட்ட பதார்த்தப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, தொட்டிலைப் பார்த்து, "அப்பன் சாயல் துளிகூட இல்லை" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞானஸ்நானத்துக்கு, கம்பெனியின் ஆனந்தப் பயணம் பத்திரிகைக்குப் படம் எடுக்கவென்று கென்டலே வந்துவிட்டான். பிப்ரவரி மாதம். பாதிரியார் தொப்பியைக் கழற்றச் சொன்னார். காதுகள் வெளியே வந்தன. கென்டல் கேமராவைத் தாழ்த்தினான்.

"காது யாருடையது?"

கிழவர் வெர்னர் தொண்டையைச் செருமினார். "போஸ்ட்மேன் ரோஜர் காது மாதிரி இல்ல?"

ஊருக்காக ரோஜர் தன் காதுகளை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவி லெனோர், ஞானஸ்நான நீரைவிடக் குளிர்ந்த குரலில், "அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்றாள்.

அந்த ஆபத்தை ஊர் தாண்டியது. அடுத்ததுதான் பெரியது. பாதிரியார் தலையில் மூன்று கை தண்ணீர் விட்டார். ஐஸ் தண்ணீர். எந்தக் குழந்தையும் கூரை பறக்கக் கத்தும். சிக்னே ஒருமுறை கண்ணைச் சிமிட்டினாள். பிறகு, பரவாயில்லை என்பது போலப் பாதிரியாரைப் பார்த்தாள்.

அழட்டும் என்று ப்ரீடா போர்வைக்குள் கைவிட்டு மெல்லக் கிள்ளினாள். குழந்தை அதையும் பொறுத்துக்கொண்டது.

"குறையே சொல்லாத குழந்தையா இருக்கே" என்றான் கென்டல் யோசனையாக. "இது யாரைப் போல?"

நீல்ஸ் எழுந்தான்.

"தண்ணி சில்லுனு இருக்கு" என்றான். "இங்க ஹீட்டர் சரியில்லை. காபி எப்பவுமே வெந்நீர் மாதிரிதான் இருக்கு. பிரசங்கம் நீளம்." பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார். "விரல் போனப்போ எனக்கு வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. அந்த மஞ்சள் ரூம் கதவைச் சாத்துறப்பல்லாம் அதைவிட வலிச்சுது. அதை ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுவும் எனக்குக் குறைதான்."

பிறகு, அவனைத் தனியாக விடக்கூடாது என்று வெர்னர் தன் முழங்கால் வலியைச் சொன்னார். லெனோர் ரோஜரைப் பற்றிச் சொன்னாள். அதற்குச் சற்று நேரம் பிடித்தது. ஒவ்வொருவராக எழுந்து, பழக்கமில்லாத குரலில், வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்ததையெல்லாம் சொன்னார்கள்.

கென்டல் மகிழ்ந்துபோனான். "அப்பா இப்படிப் புலம்புறாரு, பொண்ணு வாயே திறக்கல. சாயல் சுத்தமா இல்லை" என்று எழுதிக்கொண்டு படம் எடுத்தான். மற்றவர்கள் சொன்னதையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான்.

மறுவாரம் அவனிடமிருந்து போன் வந்தது. உறுப்பினர் தமக்குக் குறை உண்டு என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டுவிட்டதால், முன்பு மறுக்கப்பட்ட கருச் சோதனைக்கு இப்போது முழு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. ஒரே நிபந்தனை, சிக்னே பிறப்பதற்கு முன் அதைச் செய்து முடித்துவிட வேண்டும்.

அந்த மாதமே ஸ்டோர்விக் ஊர் முழுவதும் நோயாளிகள் நிறைந்த பகுதியாக அறிவிக்கப்பட்டு, எல்லோருடைய இன்ஷூரன்ஸ் தவணையும் ஏறியது. ஆனந்தப் பிரிவு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, இந்த மாற்றத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தது.

குறை சொல்ல ஒண்ணுமில்லை என்றார்கள்.