வலைக்குள் வளர்ந்த மீசை

அன்பு மருமகனுக்கு உன் மாமன் ஆசியோடு எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அத்தை நலம், என் மீசை மிகவும் நலம். உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதத் தெரிந்த பையன், "மாமா, டெஸ்ட் எடுத்தீங்களா இல்லையா? பெரிய மாமா மாதிரி மறைக்காதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அத்தை போனில் ஏதோ ஊதியிருக்கிறாள். பதில் வருகிறது, அவசரப்படாதே. முதலில் மீசை.

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் மீசை வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக மேலுதட்டை மொழுமொழுவென்று வைத்துக்கொண்டுதான் மாவுப் பிரிவை ஆண்டுவருகிறேன். இந்த வருஷம் நிர்வாகத்துக்கு என்ன தோன்றியதோ, ஆண்களின் உடல்நலத்துக்காக ஒரு மாதம் எல்லோரும் மீசை வளர்க்கலாம், பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள், அப்போது நாங்கள் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கிற புராஸ்டேட் என்கிற சுரப்பியைப் பற்றி எடுத்துச் சொல்லி அவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. இந்த யோசனையே என்னுடையதுதான் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள், நான் மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் வந்தது எனக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது, ஒரு வாரத்தில் முறுக்கிவிட்டால் சாவி மாட்டலாம் என்கிற அளவுக்கு நின்றது. அத்தை மட்டும், "உதட்டு மேல கம்பளிப்பூச்சி ஏறிட்டிருக்கு, தட்டி விடுங்க" என்றாள். பொறாமை.

அப்புறம்தான் சுகாதாரம் பார்க்கிற அம்மா வந்தார். மீசை முடி மாவில் விழக் கூடாது, ஆகவே வளர்க்கிற ஒவ்வொருவரும் மூக்குக்குக் கீழே வலை கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். நாலு பேர் பார்க்க வேண்டும் என்று வளர்த்த மீசையை எட்டு மணி நேரம் மூடிவைத்தால் எவன் பார்ப்பான், எவன் கேட்பான், நீயே சொல். நான் வலையை லேசாக, ஒரு விரல் அளவுதான், இறக்கி மாவு பிசைகிறவருக்குக் காட்டினேன். அந்த அம்மா என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"காட்சியெல்லாம் வெளியில வச்சுக்கங்க. ஒரு முடி விழுந்தா நாப்பது கிலோ மாவு போயிடும்."

அதற்கு நான் கொடுத்த பதிலில் தொழிற்சாலையே ஆடிப்போய்விட்டது. "சரிம்மா" என்றேன்.

மீசை வெளியே தெரியாததால் அதைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. பதினாலு பேரில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற பதின்மூன்று பேரும் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்கள் என்பது வெறும் வதந்தி. சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே என் முகம் மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், "நான் பரிசோதனை செய்துகொண்டேன். நீங்கள்?"

நீ கேட்டதற்குப் பதில் சுவரிலேயே இருக்கிறது, போதுமா? ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த மரியாதையை எழுதக் காகிதம் பற்றாது. டாக்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நர்ஸ் என் ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு சிவப்பா நான் பாத்ததே இல்ல" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்து முப்பத்தோரு பேர் போய்விட்டு வந்தார்கள். அடுப்புப் பிரிவில் ஒருவர், எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவோம், காய்ச்சலடித்தாலும் லீவு போடாமல் அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஆள், அவரும் போனார். அவருக்கு ஏதோ இருக்கிறதாம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்களாம், சரிபண்ணிவிடலாம் என்கிறார்களாம். நேற்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்களே போயிட்டீங்கன்னு பாத்துதான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"உங்களுக்கு எந்தக் கையில குத்துனாங்க?"

"இடது."

"எனக்கும் இடதுதாண்ணே" என்று சட்டையை மடக்கி, மறுபடி ரத்தம் எடுத்துப் பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினார். நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி, பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆகவே, தம்பி போய்விட்டு வந்துவிட்டான், டாக்டரே அசந்துபோனார் என்று உன் அம்மாவிடம் சொல். நீ நோய்நொடியில்லாமல் நூறு வயது இரு. உன் மேலுதட்டிலும் சீக்கிரம் ஏதாவது முளைக்கட்டும்.

இப்படிக்கு,
முப்பத்தோரு பேரை அனுப்பிவைத்த உன் மாமன்

பின்குறிப்பு: அம்மாவுக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள். மேலே இருப்பதில் ஆஸ்பத்திரி பொய். படம் எடுத்த அன்று "போயாச்சா?" என்று கேட்டார்கள், "நாளைக்குப் போறேன்" என்றேன், "அப்ப போன மாதிரியே போட்டுடறோம்" என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆறு மாதமாகவே ஒன்றுக்குப் போனால் எனக்கு நேரம் பிடிக்கிறது. கழிப்பறைக்கு வெளியே நிற்கிற பயல்கள், அதுதான் என் ஆபீஸ் என்பதுபோல், "மேனேஜர் இன்னும் உள்ளதான் இருக்காரா?" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். பெரிய மாமாவும் போய்ச் சேருகிற வரைக்கும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டேன். லீவு போட்டுவிட்டு வா. நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திரு. எந்தக் கை என்று நர்ஸ் கேட்டால் இடது கையை நீட்டுவேன். மலையிடம் சொன்னது அதுவரைக்குமாவது நிஜமாகட்டும்.