மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த உளவாளி

தன் அகப்பக்கத்தை யாரும் பார்க்கவில்லையே என்று அழுகிறவனும், யாரோ பார்க்கிறார்களே என்று பதறுகிறவனும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? முடியும். வெப்சைட் வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான். நான் அதை மற்றவர்களுக்குச் செய்துகொடுத்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இந்த வியாதி கொஞ்சம் கூடுதல்.

அந்த நாளில் மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். டெலிபோன் கம்பியை மோடத்தில் செருகினால் இணையம் வரும். இணையம் வந்தால் டெலிபோன் வராது. போன் போட்டுப் போட்டு அலுத்துப்போன சொந்தக்காரர்கள் நேரிலேயே வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்து, அப்படியே பசியாறிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அங்கிளுக்குத் தமிழ் வராது, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம். என்ன வேலை செய்கிறாய் என்று மலாயில் கேட்பார், நானும் மலாயில் விலாவாரியாக விளக்குவேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் தன் பழைய ரேடியோவைப் பழுது பார்க்கக் கொண்டுவந்து வைப்பார். (பார்த்தும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது சுத்தமாகப் பாடவில்லை.)

என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஜாலான் பெண்டஹாரா கடைக்காரர்கள். துணிக்கடை, நகைக்கடை, மசாலைக் கடை என்று எந்தக் கடைத் தவ்கேயாக, எந்த முதலாளியாக இருந்தாலும் ஆசை ஒன்றுதான். முகப்பில் குத்துவிளக்கு எரிய வேண்டும், பிள்ளையார் சுற்ற வேண்டும், எழுத்து ஓட வேண்டும், திறந்ததும் நாதஸ்வரம் கேட்க வேண்டும். நானும் எல்லாவற்றையும் சுற்றவிட்டேன். (இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: தயவுசெய்து எதையும் சுற்றவிடாதீர்கள். துணிக்கடையைத் தேடி வருகிறவருக்குத் துணியின் படம் வேண்டும், விலை வேண்டும், கடைக்கு வழி வேண்டும். விளக்கு அவர் வீட்டிலேயே எரிகிறது.)

எனக்கென்றும் ஓர் அகப்பக்கம் வைத்திருந்தேன். மெர்டேக்கா மாதம், சுதந்திர தினம் வருகிற மாதம் என்பதால் மேலே கொடி அசைந்துகொண்டிருக்கும். 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தில் இரவல் டை கட்டி, மோவாயில் கை வைத்து, தொலைதூரத்தில் எதையோ பார்ப்பது போல் என் படம். தொலைதூரத்தில் இருந்தது அம்மா காயப்போட்டிருந்த துணி.

அம்மாவுக்கு அப்போது ஒரே கவலை, என் கல்யாணம். வந்த இடமெல்லாம் ஒரே காரணத்தால் தட்டிப்போயின. பையன் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்பார்கள். வீட்டில் என்று அம்மா சொல்வார். எப்போது வேலைக்குப் போவார் என்று மறுபடி கேட்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படி இருக்கையில்தான் உஜோங் பாசிரிலிருந்து மலர்விழியின் படம் வந்தது. சிரித்தும் சிரிக்காத ஒரு முகம். இவர்தான், வேறு யாரும் வேண்டாம் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். இதுவும் கைநழுவினால் அம்மா வாரக்கணக்கில் பேச மாட்டார், நான் அதற்குமேலும் பேசாமல் இருப்பேன் என்று தெரிந்தது. அவர்கள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போக நாளும் குறித்தாகிவிட்டது.

இந்த நல்ல நேரத்தில்தான் என் கண்ணில் அந்த உளவாளி பட்டான்.

ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் வீட்டு விலாசம் மாதிரி ஓர் எண் உண்டு. என் பக்கத்துக்கு எந்த எண்ணிலிருந்து ஆள் வருகிறது என்று காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதி வைத்திருந்தேன். கடைக்காரன் கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பது போல நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் நானே வந்து போயிருப்பேன். திடீரென்று ஒரு புது எண் தினமும் வர ஆரம்பித்தது. காலையில் ஒரு முறை அவசரமாக எட்டிப் பார்க்கும். மதியம் சாப்பாட்டு நேரம் முடியும்போது நிதானமாக வரும். வந்து, 'என்னைப் பற்றி' பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறக்கும்.

நல்ல மனுஷன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் யார்மேல் சந்தேகப்படலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

சுகுமாரன் என்றொரு நண்பன் எனக்கு இருந்தான். கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் தொழில் தொடங்கி, ஒன்றாக இருக்க முடியாமல் பிரிந்தோம். அவன் ஆயர் குரோவில் ஒரு பெரிய கட்டடத்தில் சின்ன அறை எடுத்து இதே தொழிலைச் செய்துவந்தான். அவன் செய்த ஒரு பக்கத்தில் நீல நிறம் இருந்ததைப் பார்த்து, என் நீலத்தைத் திருடிவிட்டான் என்று ஒரு வாரம் தூங்காதவன் நான். (வானத்தின் மேல் எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று தெரியவில்லை.) அவன் அனுப்பிய மெர்டேக்கா வாழ்த்து மின்னஞ்சலைத் தோண்டிப் பார்த்தேன். அனுப்பிய இணைப்பின் எண் அதற்குள் இருக்கும். உளவாளியின் எண்ணும் அதுவும் ஒன்றேதான்.

பிடிபட்டான் திருடன் என்று எழுந்து நின்றேன். அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஒரே இணைப்பு, உள்ளே எத்தனை அலுவலகங்கள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே எண் என்பது தொழிலில் முதல் நாள் படிக்கும் பாடம். சந்தேகம் தலைக்கேறியவனுக்கு முதல் நாள் பாடம்தான் முதலில் மறந்துபோகும். என் படத்தை அவன் எதற்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்? அவ்வளவு பெரிய படம் எப்படி இவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்ற ரகசியத்தைத் திருடத்தான். இதை ஜாலான் பெண்டஹாராவில் நாலைந்து கடைகளில் சொல்லியும் வைத்தேன். தவ்கேக்கள் இதற்கும் தலையாட்டினார்கள்.

பிறகு, அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கு மட்டும் வேறொரு பக்கம் திறக்கும்படி செய்தேன். கறுப்புப் பின்னணி. நடுவில் கண் சிமிட்டும் மண்டை ஓடு. தமிழ் எழுத்துரு எல்லார் கணினியிலும் தெரியாது என்பதால் வாசகத்தைப் படமாகவே வரைந்து, சிவப்பில் போட்டேன். 'நீ யார் என்று எனக்குத் தெரியும். தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லையா? இனியும் நிறுத்தாவிட்டால் உன் இடத்துக்கே நேரில் வருவேன். மீதியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.'

மறுநாள் காலையிலேயே அந்த எண் வந்தது. மறுபடி வந்தது. மதியமும் வந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை. பயந்துவிட்டான் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டு, குறித்த நாளில் அம்மாவோடு, பழத்தட்டோடு, அதே இரவல் டையோடு உஜோங் பாசிருக்குப் போனேன்.

வீட்டில் எல்லாரும் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பெண்ணின் அப்பா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் தனபாலன் மட்டும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆயர் குரோவில் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். எந்தக் கட்டடம் என்று கேட்டேன். அவர் சொன்னது சுகுமாரன் இருக்கும் அதே கட்டடம்; எனக்கு இருந்த தாகமெல்லாம் அடங்கிவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, மேசையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். மண்டை ஓடு. அச்சில் அது கண் சிமிட்டவில்லை, முறைத்தது.

"உங்கம்மா ஜாதகத்தோட உங்க பேர் கார்டையும் வச்சுக் கொடுத்தாங்க. அதுல வெப்சைட் அட்ரஸ் இருந்துச்சு. பையன் வேல உண்மையா பொய்யான்னு தெரிஞ்சுக்க காலையில ஓபிஸ் போனதும் ஒரு தடவ தொறந்து பார்ப்பேன். அது தப்பாலா தம்பி? நேர்ல வருவேன்னு போட்டிருக்கீங்க. சரி, வந்துட்டீங்க. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். என்னைப் பெற்றதற்காக அவர் வருந்தியதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு முறைதான். நான் உளறத் தொடங்கினேன். இது உங்களுக்கு எழுதியதில்லை, என் நண்பனுக்கு எழுதியது என்றேன். நண்பனுக்கே இப்படி எழுதுவீர்களா என்று பெண்ணின் அப்பா கேட்டார். அவன் திருடன், கடைக்காரர்களிடம்கூடச் சொல்லிவிட்டேன் என்றேன். வாயைத் திறக்கத் திறக்கக் குழி ஆழமானது.

தனபாலன் மாமா தாளில் ஒரு வரியில் விரலை வைத்தார். "இது மட்டும் எனக்கு வெளங்கல. மதியத்துல நான் பார்க்கவே மாட்டேனே. சாப்பிட்டுட்டு மேசையிலயே தூங்கிடுவேன். அப்ப மதியத்துல பார்த்தது யாரு?"

கேட்டுக்கொண்டே அவர் தலை மெதுவாக அடுப்படிப் பக்கம் திரும்பியது. மலர்விழிக்கு அந்தக் கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

மலர்விழி கோப்பித் தட்டோடு வந்தார். தட்டை வைத்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது. "நான்தான் மாமா" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"ஒருத்தவங்க தினமும் வந்து உங்க படத்தப் பார்த்துட்டுப் போறாங்கன்னா, பிடிச்சுப்போய்ப் பார்க்குறாங்கன்னு உங்களுக்கு ஒரு தடவகூடத் தோணலையா?"

"தோணல" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னதிலேயே யோசிக்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை ஒரு பெண் விரும்பிப் பார்த்த அந்த மதியங்களிலெல்லாம் நான் அவருக்காக மண்டை ஓடு தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் அவருடைய ரகசியத்தையும் சிவப்பு எழுத்தில் போட்டு உடைத்தவன் நான். எழுந்து போய்விடலாம் என்று பழத்தட்டைப் பார்த்தேன். அதைத் திரும்பக் கொண்டுபோவதா, விட்டுவிட்டுப் போவதா என்றுகூடத் தெரியவில்லை.

எனக்காகப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? தனபாலன் மாமாதான். யாரையும் நம்பாத பையன் யாரிடமும் ஏமாற மாட்டான், நம் வீட்டில் நான் ஒருத்தன்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்றார். இனம் இனத்தோடு சேரும் என்பார்களே, அது. பெண்ணின் அப்பா அரைமனதாகச் சிரித்தார். மலர்விழி சிரிக்கவில்லை. முதலில் அந்த நண்பரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டும், மற்றதைப் பிறகு பேசலாம் என்று தன் மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாளே மோட்டார் சைக்கிளில் ஆயர் குரோவுக்குப் போனேன். சுகுமாரன் எனக்கு நாற்காலி போட்டு, பால் விடாத தே ஓ தேநீர் வாங்கிவரச் சொல்லி, என் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். நீலத்தைக்கூட விடாமல் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"உனக்கும் ஒரு வெப்சைட் இருக்கா?" என்றான். "சொல்லவே இல்லையேலா."

இதை அப்படியே மலர்விழியிடம் போய்ச் சொன்னபோதுதான் அவர் முதன்முதலாகச் சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. சுகுமாரன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

இப்போது எங்கள் கம்பெனியின் கணக்கு வழக்கெல்லாம் மலர்விழி கையில். புது வாடிக்கையாளர்கள் வந்து, எங்கள் பக்கத்துக்கு ஆள் வர என்ன வழி என்று கேட்பார்கள். தேடுபொறியில் மேலே வருவதற்கு என்ன எழுதவேண்டும், பக்கம் ஏன் சீக்கிரம் திறக்கவேண்டும், கைப்பேசியில் எப்படித் தெரியவேண்டும் என்று நான் மூச்சுவிடாமல் விளக்குவேன். அவர்கள் கொட்டாவியை அடக்குவார்கள். அப்போது பக்கத்து மேசையிலிருந்து, தலையைக்கூட நிமிர்த்தாமல், மலர்விழி கேட்பார்:

"வீட்டுல கல்யாண வயசுல பையன் யாரும் இருக்காங்களா? ஜாதகத்தோட சைட் அட்ரஸையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க தினமும் வந்து பார்ப்பாங்க."