பெட்டியில் உயிர் என்று எழுதியிருக்கிறது

"சார், அந்தப் பெட்டி மேல என்ன எழுதியிருக்கு?"

மீசைக் காவலர் இப்படிக் கேட்டதும் அட்டைக்காரருக்கு ஒரே சந்தோஷம். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் வைக்கும் விளக்க அட்டையை எழுதுவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். மனைவி போன பிறகு, வீட்டில் பேச ஆளில்லாத சாயங்காலங்களில், உலகத்திலேயே பேச ஆளில்லாத ஒரு மொழியைத் தானாகவே படித்துக்கொண்டார். பழைய எகிப்து மொழி. புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த எழுத்து இப்போது ஒரு சவப்பெட்டியின் மேல், கண்ணாடிக்குப் பின்னால், கை நீட்டும் தூரத்தில் இருந்தது. கடல் தாண்டி இரவலாக வந்த பெட்டி. மறுநாள் காலை திறப்பு விழா.

"மேலே வளையம், கீழே சிலுவை மாதிரி இருக்கு பாருங்க. அதுதான் 'அன்க்'. உயிர்னு அர்த்தம்."

மீசை ஓரடி பின்வாங்கினார். "உள்ளே ஆள் இருக்கா?"

"இருக்காரு. துணி சுத்தி."

"ஆளை உள்ளே வெச்சு மூடிட்டு மேலே உயிர்னு எழுதியிருக்கான். மூடினவன் காரணமில்லாமலா எழுதுவான்?"

"அட, அப்படியில்லைப்பா. அது வினைச்சொல்லாவும் வரும். 'வாழ்க'ன்னு ஒரு வாழ்த்து. அவ்வளவுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அட்டைக்காரர் அரைகுறையாக எதையும் சொல்லிப் பழகாதவர்.

"அவங்க உயிரெழுத்தை எழுதவே மாட்டாங்க. அதனால வாழ்க, வாழ்கிறான், வாழ்வான் எல்லாமே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்போ இது வாழ்க இல்லாம வாழ்கிறானாவும் இருக்கலாம்?"

"இலக்கணப்படி பார்த்தா... இருக்கலாம். ஆனா..."

"ஏன் சார் இழுக்கிறீங்க?"

"இழுக்கலை. யோசிக்கிறேன்."

"நீங்க யோசிங்க. நான் நாணய ஹாலுக்குப் போறேன். அங்கே இருக்கிற ராஜாவெல்லாம் தலை மட்டும்தான். எழுந்து வரமாட்டாங்க."

மீசை போயே போய்விட்டார்.

விஷயம் இயக்குநர் அம்மாவின் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல்தான் அவர் கோபப்படுவது வழக்கம்.

"ஹால்ல எந்நேரமும் ஒரு காவலர் நிக்கணும். இரவல் கொடுத்தவங்க போட்ட நிபந்தனை. ஆள் இல்லேன்னா பெட்டி இன்னிக்கே திரும்பிப் போகும். பெட்டி போனா, எகிப்து படிச்சவருக்கு இங்கே என்ன வேலைன்னு மேலே கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அட்டைக்காரருக்கு இரண்டு கவலை. வேலை ஒரு பக்கம். அந்த எழுத்தை இன்னொரு முறை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைக்குமா என்பது இன்னொரு பக்கம். ஓடிப்போய் நெட்டைக் காவலரைக் கையோடு கூட்டிவந்தார். வாயே திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்.

நெட்டையே திறந்தார். "அது உயிராமே சார்?"

"அது மட்டுமில்லை தம்பி. ரொம்பச் சாதாரண வார்த்தை. செருப்பு வாருக்கும் அதான் பேரு. முகம் பார்க்கிற கண்ணாடிக்கும் அதான்."

நெட்டையின் முகம் தெளிந்தது. அட்டைக்காரருக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்தால் அவருக்கு இலக்கணமும் கூடவே வரும்.

"நமக்கு ஒருமை, பன்மை. அவங்களுக்கு நடுவுல இருமைன்னு ஒண்ணு உண்டு. இதையே இருமையில சொன்னா, ரெண்டு காது."

நெட்டை பெட்டியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்போ நாம பேசறது..."

"கேக்காதுய்யா!"

"பின்னே எதுக்கு சார் நீங்களும் ரகசியமா பேசறீங்க?"

அப்போதுதான் தானும் கிசுகிசுத்துக்கொண்டிருப்பது அட்டைக்காரருக்கு உறைத்தது. சத்தமாக ஏதாவது சொல்லிக் காட்ட நினைத்தார். "அன்க்!" என்றார். அது அடித்தொண்டையிலிருந்து வரவேண்டிய ஒலி. யாரோ யாரையோ கழுத்தை நெரிப்பதுபோல் கூடம் முழுக்க எதிரொலித்தது. எதிரொலி அடங்குமுன் நெட்டையும் இல்லை.

எழுதிவைத்தால் பயம் போகும் என்று அட்டைக்காரர் கடைசியாக நம்பினார். ஓர் அட்டை எழுதி வாசலில் மாட்டினார். 'அன்க் என்றால் உயிர். இந்தச் சொல்லைச் சேர்த்துச் சவப்பெட்டிக்கு உயிரின் தலைவன் என்று பெயர் வைத்தார்கள்.' எழுதும்போது அந்தப் பெயரில் அவர் பேனா சற்று நின்றது. இப்படி ஒரு பெயரை வைத்தவன், யாரையோ பெட்டிக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவனாகத்தான் இருக்கவேண்டும்.

மீசைக்கு அப்படித் தோன்றவில்லை. தூரத்தில் நின்றே படித்தார். "தலைவனாமே! இத்தனை நேரம் யாரோ சாதாரண ஆளுன்னுல்ல நினைச்சுட்டிருந்தோம்!"

"சாமி, ஆளை விடுங்க!" என்றார் நெட்டை.

இயக்குநர் அம்மா மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நீங்களே போய் நில்லுங்க. சாயங்காலம் பூட்டற வரைக்கும்."

அட்டைக்காரர் போய் நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு பெரிய கண்கள் வரைந்திருந்தன. உள்ளே படுத்திருப்பவர் வெளியே பார்ப்பதற்காக அவற்றை வரைவார்கள் என்று அவரே ஓர் அட்டையில் எழுதியிருக்கிறார். ஏன் எழுதினோம் என்றிருந்தது. இடது பக்கம் நகர்ந்தார். கண்கள் வந்தன. வலது பக்கம் வந்தார். கண்கள் அங்கே முன்பே காத்திருந்தன.

வாழ்க. வாழ்கிறான். வாழ்வான். மூன்றும் அவர் தலைக்குள் மாறி மாறிச் சுற்றின. இது வாழ்த்துதான் என்று இத்தனை வருஷம் எந்தத் தைரியத்தில் படித்துக்கொண்டிருந்தோம்? பெட்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மனைவி இருந்தால் "படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது?" என்று சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு, துணைக்கு மெதுவாகச் சொன்னார்: "வாழ்க."

சட்டென்று மின்சாரம் போனது.

உறுமல் நின்றது. விளக்கு அணைந்தது. அந்த நிசப்தத்தில் பெட்டிப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்குத் தெரியாது. ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த இயக்குநர் அம்மாவின் மேல் மோதாத குறை.

"மேடம்! பெட்டியைத் திருப்பி அனுப்பிடுங்க! இப்பவே! என் வேலை போனாலும் பரவாயில்லை!"

அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியது. கண்ணில் நீர். இயக்குநர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செல்போனை எடுத்து இரவல் கொடுத்தவர்களின் எண்ணைத் தேடியபடி சன்னல் பக்கம் போனார்.

டிக்கெட் கொடுக்கும் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, அட்டைக்காரரின் காதோரம் குனிந்தார்.

"பிரமாதம் சார்! நாள் பூரா நின்னுட்டே காவல் காக்க முடியாது, அந்த ஹாலுக்கும் ஒரு நாற்காலி போடுங்கன்னு நேரா கேக்கப் பயந்துட்டு, அவங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து என்னென்னமோ நடிச்சுப் பார்த்தாங்க; ஆனா உங்க நடிப்புல பாதி வரலை!"