கன்டெய்னர் சாமியின் கைராசி

பெருமாநல்லூர் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. பனியன் கம்பெனி முதலாளிகள் வெள்ளை வேட்டியும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வாசலில் ஆளுயர பேனர்: "சர்வர் தோஷ நிவர்த்தி மகா முகாம். அருளாசி: ஸ்ரீலஸ்ரீ மேகானந்த சுவாமிகள்." ஊர் வைத்த பெயர் கன்டெய்னர் சாமி.

மேகானந்தர் என்ற பெயருக்குக் காரணம் உண்டு. இப்போதெல்லாம் கம்பெனி சாப்ட்வேர் கம்பெனிக்குள் இருப்பதில்லை, கிளவுடில் இருக்கிறது. கிளவுட் என்றால் மேகம். மேகம் இருப்பது வானத்தில். வானத்தில் இருப்பவை கிரகங்கள். கிரகம் என்று வந்துவிட்டால் சாமியார் வராமல் இருப்பாரா? கிளவுட் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்து, மாதாமாதம் கரண்ட் பில் கட்டி ஓட்டுகிற கம்ப்யூட்டர்கள்தான் என்று சொல்லிப் பாருங்கள். ஒருவராவது தட்சிணை வைப்பாரா?

முன்வரிசையில் கிட்டுசாமி உட்கார்ந்திருந்தார். ஏற்றுமதியில் பழுத்தவர். பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மகுடேஸ்வரன், கன்டெய்னர்ல தோஷம்ங்கறாங்களே. என்ற கன்டெய்னரு போன வாரமே தூத்துக்குடி போயிருச்சுங்க. பரிகாரம் இங்க பண்றதுங்களா, ஹார்பர்லீங்களா?"

"அது இரும்புப் பொட்டிங்க. இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பொட்டிங்க. சாப்ட்வேரையும் அதுக்கு வேணுங்கற சாமானையும் ஒண்ணாக் கட்டி அனுப்பறதாமாங்க."

"ஓஹோ. அதுக்கும் எலுமிச்சம்பழந்தானுங்களா?"

"அதேதானுங்க."

திருப்பூர் நல்லூரில் மகுடேஸ்வரனுக்குச் சொந்தமாக ஒரு பனியன் கம்பெனி. எந்த ஆர்டர் எந்த மெஷினில் நிற்கிறது என்பதை வெளிநாட்டு வியாபாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தார். அதைக் கவனித்துக்கொள்ள ஆஷா என்ற பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா முத்துப்பேச்சி வேறொரு கம்பெனியில் டெய்லர். ஆஷா சாயங்கால வகுப்பில் இந்தக் கன்டெய்னர், கிளவுட் வித்தையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவள் கற்ற வித்தையில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஒரு மாத வேலையைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் ஏற்றினால் ஏதாவது உடையும், எங்கே உடைந்தது என்றும் தெரியாது. அதனால் அன்றன்று செய்த சின்ன மாற்றத்தை அன்றன்றே ஏற்றிவிட வேண்டும். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பீஸ் நகர்வதைப் போல, பட்டனை ஒரு தடவை அமுக்கினால் புதிய மாற்றம் தானாகவே சோதனையைத் தாண்டி, பெட்டியில் கட்டப்பட்டு, கிளவுடுக்குப் போய்விடும். ஒழுங்காக ஓடினால் திரையில் பச்சை. நின்றுபோனால் சிவப்பு.

ஆஷா அமுக்கினால் பச்சை வந்தது. பத்தே நிமிடத்தில் சிவப்பாக மாறியது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. வெளிநாட்டு வியாபாரி போனில் கத்தினார். மகுடேஸ்வரன் சாமியைக் கூப்பிட்டார். சாமி வந்து, கண்ணை மூடி, காவிப் பைக்குள் கையை விட்டு ருத்ராட்சத்தை உருட்டி, "ஓம்" என்றார். பச்சை! பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இந்தப் பெண்ணுக்குக் கைராசி இல்லை."

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புது ஆர்டருக்கு முதல் கட்டிங் போடக் கைராசிக்காரரைத் தேடி காங்கேயம் வரை கார் அனுப்புகிற ஊர் இது. கைராசி இல்லாதவள் என்று பெயர் வாங்கினால் அப்புறம் எந்தக் கம்பெனியும் வாசலில் ஏற்றாது. முகாமில் எல்லோர் முன்னாலும் ஆஷா பட்டனை அமுக்க வேண்டும், சிவப்பு வந்தால் வேலை இல்லை என்று மகுடேஸ்வரன் சொல்லிவிட்டார். பெற்ற தாயே, "ஏட்டி, பேசாம அந்தச் சாமி கால்ல விழுந்துரு" என்று அழுதாள். ஆஷாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

முகாமுக்கு முந்தின நாள் முதலாளியிடம் போனாள்.

"சார், ஒண்ணு கேக்குதேன். நான் பட்டன அமுக்குததுக்கு முன்னாடி சாமிக்குப் போன் போட்டு நல்ல நேரம் கேக்கீங்களா?"

"ஆமா அம்மிணி. கேக்காம எப்படி?"

"நீங்க பழனிக்குப் போன அன்னிக்கு?"

"அன்னிக்கு சிக்னல் இல்ல. கேக்கல."

"அன்னிக்கு மட்டும் பச்சை பச்சையாவே இருந்துச்சு சார். சாமிகிட்ட வேற என்ன சொல்லியிருக்கீங்க?"

மகுடேஸ்வரன் கொஞ்சம் தயங்கினார். "பாஸ்வேர்டு. அதுதான் மூலமந்திரமாமா. போன முகாம்ல காதுல சொல்லச் சொன்னாரு. போனுக்கு ஓடிபி வர்றதையும் நிறுத்தச் சொல்லீட்டாரு. ரெட்டைப் பூட்டு ஆகாதாமா."

குழந்தைக்குப் பேர் வைக்கும்போது காதில் ஓதுவார்களே, அந்தப் பவ்யத்தோடு திருப்பூரில் பாதிக் கம்பெனிகள் தங்கள் பாஸ்வேர்டை அந்தக் காதில் ஓதியிருந்தன. பெற்ற மகனிடம் சொல்லாததை எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"அத மட்டும் மாத்துங்க சார். எங்கிட்டயும் சொல்லாதீங்க, சாமிகிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கும் சிவப்பு வந்தா நானே வேலைய விட்டுப் போயிருதேன்."

"சாமி குத்தம் ஆயிராதா கண்ணு?"

"மந்திரத்துல சக்தி இருந்தா புதுப் பூட்டயும் தொறக்கட்டுமே சார்."

மகுடேஸ்வரன் அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றிவிட்டு, பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மேடையில் பெரிய திரை. சாமியின் காவித் துண்டில் மைக். மைக் வழியே கர்ஜித்தார். "இந்தப் பெண் அமுக்கட்டும். தோஷம் எப்படி இறங்குகிறது என்று நீங்களே பாருங்கள்!"

ஆஷா அமுக்கினாள். பச்சை வந்தது. கூட்டம் சிவப்புக்காகக் காத்திருந்தது. சாமி கண்ணை மூடி, பைக்குள் கையை விட்டார்.

"ஓம்!"

மகுடேஸ்வரனின் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

"ஓம்! ஓம்!"

டிங். டிங்.

திரையில் பச்சை அசையவில்லை. சாமியின் நெற்றியில் விபூதி கரைந்து வழிந்தது. "பொறுமை! தோஷம் வந்துகொண்டே இருக்கிறது!" என்றார். தோஷமும் அன்று பஸ் கிடைக்காமல் நின்றது போலும்.

மகுடேஸ்வரன் போனை எடுத்தார். எழுத்துக் கூட்டி உரக்கவே படித்தார். "உங்கள் கணக்கில் யாரோ தவறான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்க்கிறார்கள்."

சாமி மைக்கை மறந்தார். மண்டபம் முழுக்க எதிரொலித்தது அருள்வாக்கு:

"எவன்டா பாஸ்வேர்ட மாத்துனது?"

ஆஷா போய்க் காவிப் பையை வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்தாள். ருத்ராட்சம் விழவில்லை. பளபளவென்று ஒரு போன் விழுந்தது. அதில் கிளவுடின் வாசல் திறக்காமல் நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் உள்ளே புகுந்து பெட்டியை நிறுத்தினால் சிவப்பு, ஓட்டினால் பச்சை. அவ்வளவுதான் அருள்.

கிட்டுசாமி எட்டிப் பார்த்தார். "அட, தாடிய எடுத்தா நீங்க காங்கேயத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சு மூடுன தங்கராஜுதானுங்களே? என்ற பையன் உங்ககிட்டத்தானுங்க படிச்சான்! என்ற பாஸ்வேர்டையுமல்ல காதுல வாங்குனீங்க!"

தங்கராஜ் பின்வாசலுக்கு ஓடினார். அங்கே எலுமிச்சம்பழத்தோடு நின்றவர்கள் அதை அவர் மீதே பிரயோகித்தார்கள். முகாமில் பழம் பயன்பட்டது அந்த ஒருமுறைதான். போலீஸ் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

மகுடேஸ்வரன் ஆஷாவிடம் வந்தார். "தப்புப் பண்ணீட்டன் அம்மிணி. நாளையிலிருந்து நீ நிரந்தரம்." கூட்டத்தில் நின்ற முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக எழுந்து போயிருப்பேன். கிட்டுசாமி விடவில்லை. கையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை ஆஷாவிடம் பயபக்தியோடு நீட்டினார்.

"அம்மிணி, நீ அமுக்குனா பச்சை போகவே மாட்டேங்குது. உனக்குத்தானுங்க நெசமான கைராசி! நாளைக்கு என்ற கம்பெனிக்கு வந்து ஒருக்கா அமுக்கிக் குடுங்க!"

ஆஷா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயா, கைராசியும் கெடையாது, கால்ராசியும் கெடையாது. மொதல்ல போய் உங்க பாஸ்வேர்ட மாத்துங்க."

கிட்டுசாமி பணிவாகக் கேட்டார். "மாத்திப்போடறனுங்க. எந்தக் கெழமைல மாத்துனா நல்லதுங்க?"

கிளவுடில் இருக்கிற பெட்டியை ஆஷா பார்த்துக்கொள்வாள். கழுத்துக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறதே ஐயா, அதைத் திறக்க எல்லாக் கிழமையும் நல்ல கிழமைதான்.